யார் நட்டது

கடல்கொண்ட ஊர்களைப் பற்றி நிறையச் சொல்வார்கள்.
இது ஊர் கொண்ட கடல்.

அலைமட்டத்துக்கு நாலரை மீட்டர் கீழே உட்கார்ந்து
தகரத்தில் எழுத்துத் தட்டுகிறேன்.
அணைக்கு அந்தப் பக்கம்
என் தலைக்கு மேலே ஒரு படகு போகிறது.
பாய்மரம் மட்டும்தான் தெரியும்.
புதிதாக வருகிறவர்கள்
அதைக் கண்டதும் பேச்சை நிறுத்துவார்கள்.
நாங்கள் நிறுத்துவதில்லை.

தகரத்துக்கு மூன்று வரி:
பெயர். எங்கிருந்து வந்தது. யார் நட்டது.
மக்னோலியா, யுன்னான், ரின்ஸ்கே.
ரோடோடென்ட்ரான், சிக்கிம், ரின்ஸ்கே, மூன்றாம் முறை.
முதல் இரண்டையும் தின்றது
சிப்பி கலந்த களிமண்.
மண்வெட்டியில் இன்னும் வருகின்றன சிப்பிகள்,
இரண்டு ஓடும் மூடியபடி,
யாரோ வந்து தட்டுவார்கள் என்பதுபோல.

நாணலில்தான் திணறினேன்.
தண்ணீர் வடிந்த வருஷம்
விமானத்திலிருந்து தூவினார்களாம்,
சேற்றின் ஈரம் உறிஞ்ச.
விமானியின் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை.
அதன் பக்கத்தில் வெள்ளை வில்லோ.
அதைத் தூவக்கூட இல்லை ஒருவரும்.
'காற்று' என்று தட்டி அனுப்பினேன்.
அலுவலகம் திருப்பி அனுப்பியது:
ஊழியர் பெயர் மட்டும்.

வுப்போ இறைப்பு நிலையத்தில் இருக்கிறான்.
"ஒரு மாசம் நான் லீவு போட்டால்
உன் ரோஜாவுக்கெல்லாம் விலாங்குதான் தோட்டக்காரன்"
என்பான், காபிக்கு வரும்போதெல்லாம்.
சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் சொல்வான்.

அக்டோபரில் ஓக் வரிசைக்குக் குழி தோண்டினோம்.
பதினொன்றாவது குழியில்
இயந்திரத்தின் வாய் எதிலோ மோதியது.
கல் இல்லை.
இந்த மண்ணில் கல்லே கிடையாது.
அதனால் சத்தம் கேட்டதுமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது:
கப்பல்.

ஓக் நடப்போன இடத்தில்
ஏற்கெனவே ஓக் கிடந்தது,
கறுத்து, ஒருக்களித்து,
விலாவெலும்புகள் கிழக்கே பார்த்தபடி.

தூரிகையோடு வந்தார்கள், ஏல்கேயும் இன்னும் நாலு பேரும்.
ஒரு செம்புச் சட்டி.
என் உள்ளங்கையில் அடங்கும் ஒற்றை மரச்செருப்பு.
சின்னப் பீப்பாய் நிறையச் செர்ரிக் கொட்டை.
மனித எலும்பு இல்லை என்றார்கள்.
நிம்மதியாக இருந்தது.
ஏன் என்று யோசிக்க யோசிக்கக் குறைந்தது.

பிறகு தீர்ப்பு: மூடிவிடுங்கள்.
காற்றுப் பட்டால் மரம் இற்றுவிடும்,
தண்ணீருக்குள் கிடந்தால் இன்னும் முந்நூறு வருஷம்.
சுற்றிலும் பிளாஸ்டிக் இறக்கி
இருபது மீட்டர் நீளத்துக்கு மட்டும்
நீரைத் திரும்ப வரவிட்டோம்.
"ஆயுசெல்லாம் வெளியே தள்ளினேன்,
உள்ளே விடச் சொல்கிறார்கள்."
வுப்போ முனகிக்கொண்டே வால்வைத் திறந்தான்,
கணக்கு ஒரு சென்டிமீட்டர் பிசகவில்லை.

இப்போது அங்கே ஓக் இல்லை.
கோரை, சதுப்புச் சாமந்தி, பெயர் கேட்காமல் குடியேறிய தவளைகள்.
அணை மேல் நின்று பார்த்தால்
பச்சையில் ஒரு கப்பல்.

ரின்ஸ்கே இருபத்து மூன்று கொட்டைகளை வாங்கி வைத்தாள்.
ஈர மணலில், குளிர்பெட்டியில்,
ஒரு பனிக்காலம் முழுக்க வெளியில்.
ஒன்றும் முளைக்கவில்லை.
தொட்டிகளைக் கழுவி வைத்துவிட்டாள்.
அதைப் பற்றிக் கேட்டால்
தக்காளி நாற்றைப் பற்றிப் பேசுகிறாள்.

கோரைத் திட்டுக்கும் தகரம் வேண்டுமாம்.
பெயர்: தெரியாது.
எங்கிருந்து: செர்ரி விளையும் ஏதோ ஒரு கரை.
யார் நட்டது?

சுத்தியலை வைத்துவிட்டு
ரொட்டி தின்றேன்.
வடமேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது.
மறுபடியும் 'காற்று' என்றே தட்டினேன்.

அலுவலகம் இந்த முறை திருப்பி அனுப்பவில்லை.
கவனிக்காமல்கூட இருந்திருக்கலாம்.

தகரத்தை ஊன்றக் குனிந்தபோது
பூட்ஸுக்குள் தண்ணீர் ஏறியது.
விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.
உப்பு இல்லை.
சொல்லும் அளவுக்கு இல்லை.